நாற்காலிக்குப் போகும் நூல்

ஜூன் 3, செவ்வாய்

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. மனையியல் ஆசிரியர் வேலை. பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாணவிகள் முன்னால் ஒரு மாதிரி வகுப்பும் எடுக்க வேண்டும். தலைப்பு: வீட்டு வேலையை எளிமையாக்குதல்.

விளம்பரத்தில் ‘பெண்கள் மட்டும்’ என்று போட மறந்துவிட்டார்கள். இனி போட முடியாது. அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. இதற்குப் பிறகு யாரும் கூப்பிடப் போவதில்லை. மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்தேன். நான் எழுதிக்கொடுத்த உப்பில்லாக் கஞ்சியில் உப்புப் போடச் சொன்ன டாக்டர் மீது புகார் மனு கொடுத்தேன். நான் வெளியே வந்தேன். கல்லூரி விடுதியில் மேலாளராக இருந்தேன். அங்கே வார்டன் மீது கொடுத்தேன். சத்துமாவுக் கம்பெனியில் மனு வாங்க ஆளே இல்லை. முதலாளியின் மாமனாருக்குக் கொடுத்தேன். ஒரு மனுவில்கூட ஒரு பொய் கிடையாது. இதை யாரும் சொல்வதில்லை.

மனைவி பகவதியும் மகள் தாரிணியும் இரண்டு வருடமாகக் கோயம்புத்தூரில் பகவதியின் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்காக என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். கிளம்பும்போது பகவதி சொன்னது வேறு. “ஒரு எடத்துல ஒரு வருஷம் சண்ட போடாம இருந்து காட்டுங்க. பெறவு பேசுவோம்.”

இது நிபந்தனை. நிபந்தனைகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

விண்ணப்பம் மட்டும் அனுப்பினேன்.

ஜூன் 4, புதன்

பிளஸ் ஒன், பிளஸ் டூ மனையியல் புத்தகங்களை வாங்கி வந்து உட்கார்ந்தேன். குடும்ப வாழ்க்கைச் சுழற்சி என்று ஒரு பாடம். தொடங்கும் குடும்பம், விரியும் குடும்பம், சுருங்கும் குடும்பம். சுருங்கும் குடும்பத்தில் பிள்ளைகள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விட, கணவனும் மனைவியும் மட்டும் இருப்பார்கள் என்கிறது புத்தகம். அதோடு நிலைகள் முடிந்து பயிற்சி வினாக்கள் வந்துவிடுகின்றன.

பாடநூல் குழுவுக்கு எழுத வேண்டும். பட்டியல் முழுமையாக இல்லை.

ஜூன் 6, வெள்ளி

தையலிலும் கேள்வி வரும். நான் உணவியல்காரன், ஊசியைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிறது. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கைக்குழந்தைக்குப் போடும் ஜபலா ஒன்று தைத்தேன். கழுத்துப் பட்டியில்தான் தகராறு. மூன்றாவது முறை படிந்தது. துவைத்து மாடிக் கொடியில் போட்டேன். சாரல் சீசன் காற்றில் அது கையை நீட்டிக்கொண்டு பறந்தது.

கீழ்வீட்டு இசக்கியம்மாள் துணி எடுக்க வந்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுச் சொந்தக்காரர் கொம்பையாவின் மனைவி.

“என்ன அண்ணாச்சி, வீட்ல விசேஷமா? மைனி வந்திருக்காகளா?”

“பாடத்துக்குத் தைச்சது.”

“பாடத்துக்கா?” அவள் தையலைத் திருப்பிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. இந்தச் சட்டைல ஒரு பிள்ளை இருந்தா இன்னும் நல்லா இருக்கும்.”

இந்தத் தெருவில் யாருக்கும் தன் வேலையைப் பார்க்கத் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

மாதிரி வகுப்புக்கு என்ன செய்வதென்று முடிவு செய்துவிட்டேன். பாதைப் படம். மற்றவர்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டு ஒப்பிப்பார்கள். நான் செய்து காட்டுவேன். ஒரு தெர்மோகோல் அட்டையில் சமையலறையை வரைய வேண்டும். அடுப்பு, தொட்டி, அலமாரி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு குண்டூசி. ஒரு பெண் காப்பி போடும்போது எங்கிருந்து எங்கே போகிறாள் என்று பார்த்து, அவள் போகும் வழியெல்லாம் நூலை இழுத்துச் சுற்ற வேண்டும். வேலை முடியும்போது எவ்வளவு நூல் தீர்ந்ததோ அவ்வளவு நடந்திருக்கிறாள். பிறகு பொருட்களை இடம் மாற்றி, மறுபடி சுற்றிக் காட்டினால் நூல் குறையும். எளிமையான, அறிவியல்பூர்வமான முறை.

இதற்கு வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கவனிக்க வேண்டும். என் சமையலறையில் நான்தான் இருக்கிறேன். கீழே போனேன்.

“நீங்க எப்பவும் போல காப்பி போடுங்க. நான் இப்படி ஓரமா நின்னு பாத்து எழுதிக்கிடுதேன்” என்றேன்.

இசக்கியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த கொம்பையா எழுந்து வந்தார்.

“என்ன சார்வாள், காப்பி வேணும்னா கேளும். தருவா. குடிச்சிட்டுப் போம். அவ போடுதத நின்னு பாக்கணும்ங்கீரு?”

“அறிவியல் முறைங்க. அவங்க நடக்கிறத அளக்கணும்.”

“எம் பொண்டாட்டி நடக்கத நீரு அளக்கணுமா!”

“சும்மா இருங்க. பாவம், அவுகளும் என்னதான் செய்வாக தனியா” என்றாள் இசக்கியம்மாள்.

அந்தக் கடைசிச் சொல் எனக்குத் தேவையில்லாதது. காப்பி குடிக்காமல் மேலே வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மழை. படிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வேறு வழியில்லாமல் பகவதிக்குப் போன் செய்தேன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவோம், அதுவும் தாரிணியோடு. எடுத்ததும், “என்ன, ஒடம்பு சரியில்லையா?” என்றாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ இங்க இருக்கும்போது சமையல்கட்டுல சீனி டப்பா எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“எதுக்கு?”

“ஒரு பாடத்துக்கு.”

“எந்தப் பாடத்துல நம்ம வீட்டுச் சீனி டப்பா வருது?”

நேர்முகத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். அவள் ‘ம்’ என்றாள். அதில் சந்தோஷமும் இல்லை, சந்தேகமும் இல்லை. பாதைப் படத்தை விளக்கினேன். காலையில் காப்பி போடுவதை வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

“நெசமாத்தான் கேக்குதீயளா?”

“ஆமா. பேனா கைல இருக்கு.”

“அடுப்பப் பத்த வைப்பேன். பிரிட்ஜு முன்னால பட்டாசால்லலா இருந்துச்சு, போய்ப் பால் எடுத்துட்டு வருவேன். அடுப்புல வச்ச ஒடனே நீங்க தண்ணின்னு கூப்புடுவீய. கொண்டாந்து தருவேன். பேப்பர் வந்துட்டான்னு கேப்பீய. வாசல்ல போய் எடுத்துட்டு வந்து தருவேன். அதுக்குள்ள பால் பொங்கும், ஓடுவேன். கண்ணாடி எங்கன்னு ஒரு சத்தம் வரும். வந்து பாத்தா தலைல மாட்டியிருப்பீய.”

“இரு, இரு. பேப்பருக்கு முன்னாடியா கண்ணாடி, பின்னாடியா?”

“பின்னாடி. காப்பி கொண்டாந்து தந்தா சீனி பத்தலம்பீய. டப்பாவ எடுத்துட்டு வருவேன், போட்டுட்டுத் திரும்பக் கொண்டு வைப்பேன்.”

“டப்பாவ மேசை மேலயே வச்சிருக்கலாமே. ஒரு நடை மிச்சம்.”

“வச்சேன். எறும்பு வருதுன்னு நீங்கதான் எடுக்கச் சொன்னீய.”

பின்னாலிருந்து தாரிணியின் குரல் கேட்டது. “அம்மா, டம்ளர் சூடு பத்தலைன்னு திருப்பி அனுப்புறத விட்டுட்ட!”

அதையும் எழுதிக்கொண்டேன். தகவல் மிக நேர்த்தியாக இருக்கிறது.

“இதையெல்லாம் நெசமாவே எழுதியாச்சா?” என்றாள் பகவதி.

“எழுதியாச்சு.”

“சரி. நல்லா எழுதுங்க.”

சிரித்தாளா இல்லையா என்று போனில் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

பாதைப் பட அட்டையை மாட்ட இடம் இருக்குமா என்று கேட்கப் பள்ளி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். போன இடத்தில் ஒரு செய்தி தெரிந்தது. தேர்வுக் குழுவில் பாட நிபுணராக வருவது டாக்டர் கிரேஸ் செல்வகனி.

எம்.எஸ்ஸி.யில் அவள் என் வகுப்பு. அந்த வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். எழுத்துத் தேர்வில் எல்லாவற்றிலும் நான்தான் முதல். செய்முறைத் தேர்வில் கைவைத்தார்கள். தங்கப் பதக்கம் அவளுக்குப் போயிற்று. அதைக் காட்டி அவள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள், துறைத் தலைவி ஆனாள். நான் உப்பில்லாக் கஞ்சிக்குப் போனேன். இருபத்தைந்து வருடம் கழித்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவாள், நான் நிற்க வேண்டும்.

போகாமல் இருந்துவிடலாம். ஆனால் அதைத்தான் அவள் எதிர்பார்ப்பாள்.

ஜூன் 13, வெள்ளி

பாதைப் படம் தயார். அட்டையில் இந்த வீட்டையே வரைந்தேன். சிவப்பு நூல். பகவதி சொன்ன வரிசையில் காலையிலிருந்து நூலைச் சுற்றினேன். அடுப்பு, பிரிட்ஜ், அடுப்பு, நாற்காலி, வாசல், நாற்காலி, அடுப்பு, நாற்காலி. பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், இருக்கும் என் நாற்காலிக்குக் குத்திய குண்டூசியில் நூல் மேலே ஏறி ஏறி நழுவிவிடுகிறது. கடைசியில் அதைப் பிடுங்கிவிட்டு ஓர் ஆணி அடித்தேன். இப்போது நிற்கிறது.

காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். சமையல்கட்டில் பிளக் பாயிண்ட் வைக்காமல் வீடு கட்டிய கொம்பையாதான் குற்றவாளி. பிரிட்ஜை உள்ளே கொண்டுபோய், சீனியை எறும்பு ஏறாத டப்பாவில் மேசை மேல் வைத்து, அலமாரியை அடுப்புக்குப் பக்கத்தில் மாற்றினால் கணிசமாக நூல் குறைகிறது. இரண்டாவது அட்டையில் அதைச் சுற்றினேன்.

பிறகு ஓர் ஆர்வத்தில் இப்போது நான் காப்பி போடுவதையும் சுற்றிப் பார்த்தேன். கையளவு நூல்கூட ஆகவில்லை. மிகச் சிக்கனமான வீடு.

அந்த அட்டையை வகுப்புக்குக் கொண்டுபோகப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியின் செயலர், வயதானவர், பாதிக் கண்ணை மூடியிருந்தார். தலைமை ஆசிரியை நடுவில். ஓரத்தில் கிரேஸ். தலை நரைத்திருக்கிறது, சாயம் அடிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். நான் சபையைப் பார்த்துப் பொதுவாக வணக்கம் சொன்னேன்.

“ஆம்பளையாளு எப்படி சார் மனையியல் எடுத்தீங்க?” என்றார் தலைமை ஆசிரியை.

“மெடிக்கல் கிடைக்கல.”

செயலர் கண்ணைத் திறந்தார். “உண்மையச் சொல்லுதாரு” என்றார்.

இரும்புச்சத்து, நிறைபுரதம், வளரிளம் பெண்களுக்கான உணவு எல்லாம் கேட்டார்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் ஏன் ஒன்றாகப் போகின்றன என்று நான் சொன்னபோது தலைமை ஆசிரியை குறித்துக்கொண்டார். கிரேஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஜபலாவுக்குக் கழுத்துப் பட்டி எப்படி வைப்பீங்க?” இத்தனை பாடம் இருக்க அது ஏன் என்று புரிகிறது. நான் பையிலிருந்து ஜபலாவை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வகுப்பு. பிளஸ் டூ மாணவிகள், நாற்பது பேர் இருக்கலாம். அட்டையை மாட்டி, நூலை அவிழ்த்து முதலிலிருந்து சுற்றத் தொடங்கினேன். முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனதும் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கண்ணாடிக்கு நூல் போனபோது வகுப்பே சிரித்தது. வகுப்பு என் கையில் இருந்தது. அதைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இரண்டாவது அட்டையைக் காட்டி முடித்து, “சந்தேகம் இருக்கா?” என்றேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் கேட்டேன். முப்பிடாதி.

“சார், அந்த ஆணில யாரு இருக்கா?”

“வீட்டுக்காரர்.”

“பிரிட்ஜ நகட்டிட்டீங்க, அலமாரிய நகட்டிட்டீங்க. அவுகள நகட்டலையே?”

சிரிப்பு. தலைமை ஆசிரியையும் சிரித்தார்.

“வேலையை எளிமையாக்குவதில் நாம் இடத்தைத்தான் மாற்றுகிறோம், ஆளை மாற்றுவதில்லை” என்றேன். “நாற்காலி சமையலறைக்கு வெளியே இருக்கு. அது கணக்குல வராது.”

“பெறவு ஏன் சார் அதுக்கு மட்டும் ஆணி அடிச்சிருக்கு?”

சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து இன்னொருத்தி கேட்டாள். “சார், அந்தக்கா எப்ப சார் காப்பி குடிச்சாங்க?”

அட்டையைப் பார்த்தேன். நூல் எங்கெங்கோ போயிருந்தது. அவள் நின்றோ உட்கார்ந்தோ காப்பி குடிக்கும் இடம் என்று ஒரு குண்டூசி அதில் இல்லை.

“அந்தத் தகவல் சேகரிக்கப்படவில்லை” என்றேன்.

அப்போது யாரும் சிரிக்கவில்லை.

நல்ல ஆசிரியர் எவரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நூல்கண்டை முப்பிடாதியிடம் கொடுத்து, “நீ வந்து சுற்று” என்றேன். அவள் ஆணியிலிருந்து தொடங்கினாள். வீட்டுக்காரரை எழுப்பி வாசலுக்கு அனுப்பிப் பேப்பர் எடுக்க வைத்தாள். வரும் வழியில் பிரிட்ஜிலிருந்து பாலை எடுத்து அடுப்புக்குக் கொண்டுபோக வைத்தாள். சீனியை அவரே போட்டுக்கொண்டார். ஒரு குண்டூசியை எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் புதிதாகக் குத்தி, நூலை அங்கே கொண்டுவந்து முடித்தாள். கையில் நிறைய நூல் மிச்சமிருந்தது.

“மிச்ச நூல என்ன சார் செய்ய?”

“போதும் சார்” என்றார் தலைமை ஆசிரியை.

வெளியே வரும்போது எனக்கு அடுத்து வந்திருந்த பெண்ணைப் பார்த்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. கிரேஸ் அவள் தோளில் கைபோட்டு ஸ்டாஃப் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். காப்பி வாங்கிவரச் சொல்லும் சத்தம் கேட்டது. எனக்கு யாரும் காப்பி கொடுக்கவில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பகவதி எப்போது காப்பி குடிப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவளுக்குக் காப்பி பிடிக்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் உட்கார்ந்து மனு எழுதினேன். பெறுநர் பள்ளிச் செயலர்; நகல் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு. பொருள்: தேர்வுக் குழு உறுப்பினரின் பாரபட்சம் குறித்து. ஒரு விண்ணப்பதாரரைத் தனியே அழைத்துச் சென்று உபசரித்தது, இருபத்தைந்து ஆண்டுக்கால முன்விரோதம், மாணவிகளைத் தூண்டிவிட்டுக் கேள்வி கேட்க வைத்திருக்கக்கூடிய வாய்ப்பு என்று மூன்று பத்திகள். நடை நன்றாக வந்திருக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் பேச்சிமுத்து தாளை வாங்கியதும், “இந்தத் தடவ யாரு சார்?” என்றான்.

“உன் வேலையைப் பாரு.”

“கோவப்படாதீங்க. ரொம்ப நாளா ஆளக் காணுமேன்னு நெனச்சேன்.”

ஸ்பீட் போஸ்ட்டில் இரண்டையும் அனுப்பினேன். திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது. மனு போடும் அன்றைக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 18, புதன்

பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. தலைமை ஆசிரியை.

“சார், நீங்க செலக்ட் ஆகியிருக்கீங்க. இருபத்தி மூணு, திங்கக்கிழமை வந்து சேந்துருங்க. செக்ரட்டரிக்கு ஆம்பளையாளு வேண்டாம்னுதான் இருந்துச்சு. கிரேஸ் மேடம்தான் விடல. ‘பிள்ளைக கேள்வி கேட்டா நூல அவங்க கைல குடுக்கிற வாத்தியார் உங்களுக்கு வேற எங்க கிடைக்கும்’னு கேட்டாங்க. பிள்ளைகளுக்கும் உங்க வகுப்பு பிடிச்சிருக்கு.”

நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் ரசீதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

“உள்ளூர்லா சார் இது? காலைலயே டெலிவரி ஆயிட்டே. இன்னொண்ணும் ஆயிட்டு.” ஏதோ எனக்கு உதவி செய்துவிட்டதைப்போலச் சிரித்தார். “நாங்க இப்பம் ரொம்ப ஃபாஸ்ட்டு.”

தபால் துறையின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அவர்கள் தாமதமாகக் கொண்டுபோய்க் கொடுத்த காலம்.

பகவதிக்குச் சொல்லவில்லை. என்ன சொல்வது?

ஜூன் 19, வியாழன்

எதிர்பார்த்த போன் மாலையில் வந்தது. தலைமை ஆசிரியையின் குரல் நேற்றைய குரல் இல்லை.

“செக்ரட்டரி ஆர்டர நிறுத்தி வைக்கச் சொல்லிட்டார். ‘சேரதுக்கு முன்னாடியே மனு போடுத ஆளு, சேந்த பெறவு என்ன செய்வாரு’ன்னு கேக்கார். நான் என்ன சார் பதில் சொல்ல?”

மேசையில் கிடந்த தபால் ரசீதை நாலாக மடித்தேன்.

“நாளைக்குக் காலைல வாங்க. கிரேஸ் மேடமும் வருவாங்க. அவங்க முன்னால எழுதிக் குடுத்து வாபஸ் வாங்குங்க. இல்லைன்னா அடுத்து இருக்க பொண்ணுக்கு ஆர்டர் போயிரும்.”

அவள் முன்னால். இருபத்தைந்து வருடமாக அவள் முன்னால் நிற்கக் கூடாது என்றுதான் எத்தனையோ கருத்தரங்குக்குப் போகாமல் இருந்திருக்கிறேன்.

தோசை மாவு புளித்துவிட்டது. சாப்பிடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

போனேன்.

வீட்டிலேயே வாபஸ் கடிதத்தை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தலைமை ஆசிரியை சத்தமாகப் படித்தார். “‘தேர்வு நடைமுறையில் வெளிப்படைத்தன்மை குறைவாக இருந்தபோதிலும், மாணவிகளின் நலனை முன்னிட்டு, பெருந்தன்மையுடன்...’” நிறுத்தினார். “சார், இது வாபஸா, இன்னொரு மனுவா?”

ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து மறுபடி எழுதினேன். ‘தவறான புரிதல் ஏற்படும் வகையில் சில நிகழ்வுகள் அமைந்துவிட்டமையால்’ என்று தொடங்கினேன். தலைமை ஆசிரியை அதைப் படித்துவிட்டுக் கிரேசிடம் நீட்டினார். கிரேஸ் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“மேடம், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?” என்றாள். தலைமை ஆசிரியை எழுந்து போனார்.

நாங்கள் இருவர் மட்டும்.

“அந்தப் பொண்ணு மாசமா இருக்கா, நயினார்” என்றாள். ஆறுமுகநயினார் என்ற என் பெயரைக் கல்லூரியில் அப்படித்தான் சுருக்குவார்கள். “வெறும் வயித்தோட வந்து தல சுத்திட்டு. அதான் உள்ள கூட்டிட்டுப் போனேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று போகவில்லை. “செய்முறைத் தேர்வுல எனக்கு வர வேண்டிய மார்க்க...”

“ஜபலா தைக்கச் சொன்னாங்க. நீ ஊசிய மேசைல வச்சுட்டு, ‘இது பொம்பளைங்க வேல’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போன. ஜன்னல் ஓரத்து மேச. மிஸ் வாசல் வரைக்கும் வந்து கூப்புட்டாங்க. நீ திரும்பல.” ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆயிற்று என்று நான் கவனிக்கவில்லை. “நூல் கோக்கத் தெரியலன்னு சொல்லியிருந்தா நானே கோத்துத் தந்திருப்பேன்.”

அப்படி நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் மேசை ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தது.

“இப்ப நல்லாத் தைக்கிறியே” என்றாள். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினாள். “நான் சொல்லுதேன், எழுது. உனக்குச் சின்னச் சின்னதா எழுத வராது.”

“சொல்லு.”

“எனக்குக் கோபம் வந்தது.”

எழுதினேன்.

“எழுதினேன்.”

எழுதினேன்.

“தப்பு.”

“‘தவறு நேர்ந்துவிட்டது’ன்னு எழுதலாமா?”

“நேரல. நீதான் செஞ்ச. மூணெழுத்து போதும், தப்புன்னு எழுது.”

வெளியே பிள்ளைகள் வரிசையாக எங்கோ போகும் சத்தம் கேட்டது. யாரோ ஓர் ஆசிரியை, “ஏட்டி, பேசாம போங்க” என்றாள். அந்த வரிசை முழுவதும் கடந்து போகும்வரை பேனா தாளின் மேலேயே இருந்தது. மை ஒரு புள்ளியாக ஊறிவிட்டது. அந்தப் புள்ளியிலிருந்தே எழுதினேன்.

கிரேஸ் தாளை எடுத்துக்கொண்டு செயலர் அறைக்குப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. திரும்பி வந்தது தலைமை ஆசிரியை மட்டும். “கல்வி ஆபீசுக்கும் இதையே அனுப்பிருதோம். ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். அப்பறம் பாக்கலாம்னு சொல்லுதார். திங்கக்கிழமை எட்டே முக்காலுக்கு அசெம்ப்ளி. லேட்டாக்கிராதீங்க.” கிரேஸ் வேறு வழியாகக் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்புத் தரவில்லை என்பதுதான் சரி.

சாயங்காலம் கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். பகவதிதான் எடுத்தாள்.

“திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க.”

“அப்படியா? சந்தோஷம்” என்றாள். கொஞ்சம் விட்டு, “யாரு மேலயும் மனு போட்டீயளா?” எப்படித்தான் தெரிகிறதோ.

“போட்டேன். வாபஸ் வாங்கிட்டேன்.”

“யாரு வாபஸ் வாங்குனா?”

“நான்தான்.”

“நீங்களா?”

வேலை கிடைத்ததற்குக்கூட அவள் இவ்வளவு ஆச்சரியப்படவில்லை.

“என்ன எழுதிக் குடுத்தீய? வாசிங்க பாப்பம்.”

என்னிடம் நகல் இல்லை. பேச்சிமுத்துவின் கடைக்குப் போகத் தோன்றவே இல்லை. நினைவிலிருந்து சொன்னேன். “எனக்குக் கோபம் வந்தது. எழுதினேன். தப்பு.”

அந்தப் பக்கம் ஃபேன் ஓடும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

“சரியாக் கேக்கல” என்றாள் பகவதி. “இன்னொரு தடவ சொல்லுங்க.”

கோயம்புத்தூரில் சிக்னல் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறிப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.